என் பாகற்காய் கசக்கவில்லை

கண்ணு,

போனில் பேசினால் எல்லாவற்றுக்கும் "செரிங்கம்மா, செரிங்கம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். நான் சொன்னதை ஒப்புக்கொண்டாயா, பேச்சு முடிந்தால் போதும் என்று இருந்தாயா, ஒன்றும் விளங்குவதில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ "செரிங்கம்மா" போட முடியாது பார். அப்பா தேறிவிட்டார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து கஞ்சியும் இட்லியுமாக ஓடுகிறது. நேற்று மாடிச் செடிகளைப் பார்க்கிறேன் என்று படி ஏறினவர் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். யாரைக் கேட்டு ஏறினீங்க என்று ஒரு பாட்டம் திட்டினேன். சிரித்தார். சிரிக்கிற அளவுக்கு வந்துவிட்டாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

மாடித் தோட்டத்தை மொத்தமாக எடுத்துவிடச் சொன்னாய். அதற்குப் பதிலை அப்புறம் சொல்கிறேன். நிவேதாவைப் பற்றி நான் எதுவும் கேட்கக் கூடாது என்பதை நீ வாயால் சொல்லவில்லை, ஆனால் பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே "அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்திங்கம்மா" என்கிறாய். எத்தனை நாளைக்குக் கண்ணு இதைச் சொல்வாய்? அவள் பெங்களூரில் உன்னோடு இல்லை, தூத்துக்குடியில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு இங்கே வந்துவிட்டுப் போன கையோடு பெட்டி கட்டிவிட்டாள் என்பதும் தெரியும். சம்பந்தியம்மாதான் அழுதுகொண்டே சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூடத் திரும்பவில்லை, அதற்குள் நீ ஒரு திக்கு, அவள் ஒரு திக்கு. ஆரம்பித்தது எங்கே என்றால் என் சாப்பாட்டு மேசையில். அன்றைக்கு அவள்தான் மரியாதை தெரியாதவள் என்று நாம் எல்லோரும் முடிவு கட்டினோம். இப்போது எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு இருந்தால் உன் வாழ்க்கை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் மாடி என்றால் சூலூரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிற இடம். அப்பா தறிகளை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்தபோது, பொழுது போவதற்காகப் பழைய பெயிண்ட் டப்பாவில் கீரை விதைத்தேன். அது வளர்ந்து தொட்டி, பை, பந்தல் என்று ஆனது. மாடித்தோட்டக்காரர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம் அல்லவா, அதில் யார் செடிக்கு என்ன வந்தாலும் படம் எனக்குத்தான் வரும். "அக்கா, மொளகாய் எலையெல்லாம் சுருண்டுக்கிச்சுங்க, என்னங்க பண்றது?" இலையைத் திருப்பிப் பாருங்க, இலைப்பேன் இருக்கும், வேப்பெண்ணெய் அடிங்க என்பேன். "தக்காளிப் பழத்துக்கு அடியில கருப்பாக் குழி விழுகுதுங்கக்கா." ஒரு நாள் குடம் குடமா ஊத்தி, மறுநாள் காயப் போடாதீங்க, தண்ணி ஒரே சீரா இருக்கோணும் என்பேன். "பூசணி பூவாத்தான் பூக்குது, ஒரு பிஞ்சும் நிக்கலீங்க." முதலில் வருவதெல்லாம் ஆண்பூ அம்மணி, பொறு என்பேன். குழுவில் எனக்கு டாக்டரம்மா என்று பேர். சும்மா சொல்லக்கூடாது, எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. விமானப்படை விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு போகும்போதுகூடப் போனைக் காதில் அழுத்திக்கொண்டு யாருக்காவது வைத்தியம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பத்தியச் சாப்பாடு, நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. அப்புறம் உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காப்பியில் சர்க்கரை தெரிந்தது. சரியாகிவிட்டது என்று நானும் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு காய்த்த பாகற்காயில்தான் அந்த அதிசயம். வறுத்து வாயில் வைத்தால் கசப்பே இல்லை. பச்சையாகக் கடித்துப் பார்த்தேன், வெள்ளரிக்காய் மாதிரி இருந்தது. இது என்ன விந்தை என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். புளித்த மோரில் வெல்லம் கரைத்து வேரில் ஊற்றிக்கொண்டிருந்தேன், அதன் வேலையாகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தேன். "என் பாகற்காய் கசக்கவில்லை" என்று தலைப்புப் போட்டுக் குழுவில் எழுதினேன். அடேயப்பா, அன்றைக்கு எனக்கு வந்த பாராட்டு! ஆளாளுக்கு மோரும் வெல்லமும் ஊற்றினார்கள். கொஞ்ச நாள் கழித்து, "ஆமாங்கக்கா, கசப்பு நல்லாக் கொறஞ்சிருக்குதுங்க" என்றும் எழுதினார்கள். உங்கப்பாவிடம் கேட்டேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தேவலை அம்மணி" என்றார். ஏன் முகத்தைத் திருப்பினார் என்று நான் யோசிக்கவே இல்லை.

சுரைக்காய்க் கதை அதற்கும் முன்னால் ஆரம்பித்தது. முந்தின பருவத்தில் நம் பந்தலில் இருந்த சுரைக்கொடியில் பெண்பூவாக வந்துகொண்டிருந்தது, ஆண்பூ காணோம். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டு வைத்தால்தான் பிஞ்சு நிற்கும். சுரைப்பூ சாயங்காலம் மலர்கிற பூ. நம் மதிலை ஒட்டிய காலி மனையில் வேலி மேல் ஒரு சுரைக்கொடி தானாக ஏறி வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சரி, சாமியே அனுப்பின மாதிரி இருக்கிறது என்று எட்டிப் பறித்து என் கொடியில் வைத்தேன். காய் நின்றது. நீயும் சாப்பிட்டாய், தித்திப்பாக இருந்தது. நல்ல ரகம் என்று ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து, குழுவில் கேட்டவர்களுக்கெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். வேலியில் இருந்தது பேய்ச்சுரை, கசப்புச் சுரை. நான் பூப் பறித்தபோது அதில் காய் இல்லை, எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேய்ச்சுரைப் பூவின் கசப்பு அந்தக் காயில் தெரியாது கண்ணு. விதைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த விதையை நட்டு, கொடி ஏறி, அதில் காய் வந்தால்தான் வெளியே வரும். ஊருக்கே வைத்தியம் சொல்கிற எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்தி காயில் இருந்தது.

பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது நானும் நட்டிருந்த அந்த விதையில் வந்த முதல் காயைத்தான் பறித்தேன். அறுத்ததும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்தேன், சாட்சிக்கு அப்பா நின்றுகொண்டிருந்தார். சுரைக்காய், வெள்ளரிக்காய், பீர்க்கங்காய் எதையும் ருசி பார்க்காமல் நான் அடுப்பில் ஏற்றியதில்லை. ஒன்றும் கசக்கவில்லை. கூட்டு வைத்தேன். பல்லடத்துப் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். எல்லோரும் உட்கார்ந்தோம். நிவேதா ஒரு வாய் வைத்தாள், அப்படியே தட்டின் ஓரத்தில் துப்பினாள். "அத்தை, இது கசக்குல்லா! யாரும் சாப்பிடாதீங்க. கசக்குற சுரைக்காய் வயித்துக்கு ஆகாது" என்றாள். சொன்னதோடு நிற்காமல் எழுந்து பெரியப்பா முன்னால் இருந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. விருந்துக்கு வந்த ஒறம்பரை சாப்பிடும்போது முன்னால் இருக்கிற பாத்திரத்தை எடுப்பது நம் பக்கத்தில் சாதாரணக் காரியமா? நான் என் தட்டில் இருந்த கூட்டை ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "எங்க கசக்குது? சொல்லுங்க பார்க்கலாம்" என்று எல்லோரையும் கேட்டேன். "கசப்பெல்லாம் இல்லீங்க, நல்லாத்தான் இருக்குதுங்க" என்றார் பெரியப்பா. "ரொம்ப ருசியா இருக்குது அம்மணி" என்றார் பெரியம்மா. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார். நீ என்ன செய்தாய்? "நல்லாருக்குதுங்கம்மா" என்று சொல்லி, போட்டதையெல்லாம் வழித்துத் தின்றாய். அவளைப் பார்த்து, "எங்க ஊட்டுல இப்படியெல்லாம் பேச மாட்டாங்க" என்றாய். நான் அடுக்களைக்குப் போய் அழுதேன். அவள் பின்னாலேயே வந்து, "அத்தை, நான் உங்களைச் சொல்லலை, காயைத்தான் சொன்னேன்" என்றாள். நான் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை.

அப்புறம் காரில் நடந்ததைச் சம்பந்தியம்மா சொன்னார். சேலம் போவதற்குள் உனக்கு வயிற்றைப் புரட்டி, காரை நிறுத்தி நிறுத்தி வாந்தி எடுத்தாயாம். ரோட்டோரம் குடித்த காப்பி சரியில்லை என்று சொன்னாயாம். அவள் உன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாளாம்: "உங்களுக்கும் கசந்துச்சுல்லா? தெரிஞ்சுக்கிட்டே எல்லார் முன்னாடியும் என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே?" நீ அதற்குப் பதில் சொல்லவில்லையாம். பெங்களூர் போகிறவரைக்கும் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை. அவள் வீட்டை விட்டுப் போனது சுரைக்காய்க்காக இல்லை கண்ணு. நீ வாயைத் திறக்காமல் இருந்ததற்காகப் போனாள். நீ என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவளைக் கைவிட்டுவிட்டாய்.

உன்னைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, வளர்த்தது நான்தானே. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் தாராபுரத்தில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். பாயசத்தில் பால் திரிந்திருந்தது. எனக்கே வாயில் வைக்க முடியவில்லை, பக்கத்தில் செடிக்கு ஊற்றிவிட்டேன். நீ மட்டும் மடமடவென்று குடித்துவிட்டு, வீட்டுக்காரம்மா "எப்படி கண்ணு?" என்று கேட்டதும் "அருமைங்க" என்றாய். அவர்கள் பூரித்துப்போய் இன்னொரு டம்ளர் ஊற்றினார்கள். அதையும் குடித்தாய். ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் என் மடியிலேயே வாந்தி. புடவை நாசம். ஆனால் நான் உன்னைத் திட்டவில்லை, நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். "என்ற பையன் ஒருத்தர் மனசு நோகப் பேச மாட்டான்" என்று. நம்ம ஊர்க்காரர்களுக்கு மரியாதை அதிகம் என்று வெளியூரில் சொல்வார்கள், நமக்கும் கேட்கக் குளிர்ச்சியாக இருக்கும். வாங்க, போங்க, நல்லாருக்குதுங்க. கசந்தாலும் நல்லாருக்குதுங்க. உள்ளதைச் சொன்னால் நொள்ளைக் கண்ணனுக்கு நோப்பாளம் என்பார்களே, அந்த நோப்பாளம், அந்த மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்வதிலேயே நம் பொழுது போய்விடுகிறது.

நீங்கள் போன பிறகு எனக்கு வீம்பு. கசக்குதாம், அவளுக்கு நாக்கு கோளாறு என்று சொல்லிக்கொண்டு அந்தக் கொடிக்குக் கூடுதலாக உரம் வைத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ ஒருவர் போன் வீடியோவில் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். காயை அறுத்தேன், துண்டு போட்டு ருசி பார்த்தேன், கசக்கவில்லை. மிக்சியில் அடித்து வடிகட்டி ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தேன். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க, குடிங்க, ருசி பார்த்துட்டுத்தான் குடுக்கறேன்" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் குடித்தார். நான் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன்.

திரும்பி வந்தபோது அவர் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். வாந்தியில் ரத்தம். கை கால் ஜில்லிட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். நான் பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு சாமி பேரையெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன், ஒரு சாமி பேரும் முழுசாக வரவில்லை. ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கிவிட்டது என்றார்கள். உனக்குப் போன் போட்டதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. காலையில் என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டார். சுரைக்காய்ச் சாறு என்றேன். அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "கசந்ததா?" என்றார். "இல்லவே இல்லீங்க, நான் ருசி பார்த்தேனுங்க" என்று அடித்துச் சொன்னேன். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து உயிரே போயிருக்கிறது, தெரியுமா என்றார்.

அப்பா கண் திறந்து பேசுகிற நிலைக்கு வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். "ஏனுங்க, கசந்துச்சுங்களா?" "வெசமாட்டக் கசந்துச்சு அம்மணி" என்றார். "அப்பறம் எதுக்குங்க குடிச்சீங்க? துப்ப வேண்டியதுதானுங்க?" என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினேன். "கசப்பு சக்கரைக்கு நல்லதுன்னு நெனச்சேன்" என்றார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார்: "அன்னைக்கு அந்தப் புள்ளை கசக்குதுன்னு சொன்னதுக்கே நீ அப்படி அழுத. மறுக்கா நானும் சொன்னா நீ தாங்க மாட்டயேன்னு குடிச்சுப்போட்டேன்." என் மனசு நோகக் கூடாது என்று விஷத்தைக் குடித்திருக்கிறார் மனுஷன். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியதில் அவர் என்னிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உப்பு ஜாஸ்தி என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு அந்த டம்ளரைக் கீழே வைத்திருப்பார். அவர் மேல் எனக்கு வந்த கோபமும் அழுகையும் எதில் எது என்று பிரிக்க முடியவில்லை.

வீட்டுக்கு மாற்றுத் துணி எடுக்க வந்தபோது மாடிக்குப் போனேன். கொடியில் இன்னொரு காய் தொங்கிக்கொண்டிருந்தது. அறுத்து வாயில் போட்டு மென்றேன். ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டு அம்மாளைக் கூப்பிட்டு நுனி நாக்கில் வைக்கச் சொன்னேன். வைத்தவள் "ஐயோ, தூ" என்று குழாயடிக்கு ஓடினாள். அவள் வாய் கொப்பளிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்புறம் தெருமுனை வேப்பமரத்தில் கொழுந்து பறித்துத் தின்றேன், புல்லாட்டம் இருந்தது. வெந்தயம் மென்றேன், மண். அப்பாவின் மாத்திரை ஒன்றை நக்கிப் பார்த்தேன், சுண்ணாம்பு. அப்போதுதான் விளங்கியது. அதிசயம் பாகற்காயில் இல்லை. எனக்குத்தான் கசப்பு தெரியாமல் போய்விட்டது. இத்தனை மாதமாக என் நாக்கில் இருந்த கோளாறை நான் செடியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். காது மூக்கு டாக்டரிடம் போனேன். காய்ச்சலில் நரம்பு பாதித்திருக்கலாம், தானாகத் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகலாம் என்றார். வேறு எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளத் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார். எடுக்க வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. இனி கெட்டுப்போன எண்ணெய், கருகின தாளிப்பு, எது என் வாய்க்குத் தெரியும், எது தெரியாது என்று ஒவ்வொரு நாளும் அடுப்படியில் யோசித்துக்கொண்டு நிற்கிறேன்.

அதைவிடப் பெரிய பயம் விதைப் பொட்டலங்கள். குழுவில் எழுதினால் எல்லோரும் பார்ப்பார்களோ மாட்டார்களோ என்று ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் போட்டேன். என் கொடிக்காய் விஷம், தயவுசெய்து பிடுங்கிப்போடுங்க, ஒரு பிஞ்சுகூடச் சமைக்காதீங்க என்றேன். சூலூரில் இருக்கிற ஒரு அம்மாள் என்ன சொன்னாள் தெரியுமா? "அட, நாங்க அப்பவே பிடுங்கிட்டோமுங்கக்கா. வாயில வெக்க முடியலீங்க." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "ஆசையாக் குடுத்தீங்க, எப்படிங்க சொல்றது?" அடுத்த வீட்டிலும் இதே கதை. இன்னொருத்தி, "உங்க கைராசி விதை, என்ற மண்ணுலதான் என்னமோ கோளாறுன்னு நெனச்சுட்டனுங்க" என்றாள். பாகற்காயைப் பற்றிக் கேட்டேன். "கசந்துச்சுங்க. எல்லாரும் கொறஞ்சிருக்குதுன்னு எழுதினாங்க, நானும் எழுதினேனுங்க." பெரியம்மாவுக்குப் போன் போட்டேன். "அன்னைக்கு ஒரு வாய்தான் தின்னேன், ராத்திரி பூரா வயித்து வலி அம்மணி. வந்த எடத்துல எப்படிச் சொல்றது?" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்கும் வயிறு வலித்தது, அழுததனால் என்று நினைத்திருந்தேன். யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும், நான் அந்தக் கொடியை வேரோடு பிடுங்கியிருப்பேன். ஒருத்தி சொன்னாள். அவளைத்தான் நாம் ஊருக்கு அனுப்பிவிட்டோம்.

தோட்டத்தை எடுக்கச் சொன்னாயே, அதற்குப் பதில் சொல்கிறேன். சுரைக்கொடியைப் பிடுங்கி உலர்த்தி எரித்துவிட்டேன். மற்றதை எடுக்க மாட்டேன். கத்தரியும் தக்காளியும் என்னை ஏமாற்றவில்லை. இலை வாடினால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம், பழுத்தால் சத்து இல்லை என்று அர்த்தம். செடிக்கு ஒன்று ஆனால் மறுநாளே முகத்தில் காட்டிவிடும். நம்மைப்போல உள்ளே வைத்துக்கொண்டு "நல்லாருக்குதுங்க" என்று சொல்வதில்லை. குழுவில் இப்போது டாக்டரம்மா என்று கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் எழுதினேன். அதற்கும் பாதிப் பேர் கைகூப்பின படம் போட்டு "அருமைங்க அக்கா" என்று எழுதியிருக்கிறார்கள், என்னத்தைச் சொல்ல!

உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கோபம் வந்தாலும் பரவாயில்லை, வந்தது என்று சொல். நீ சாந்தமான பிள்ளை, சண்டை போடாதவன் என்று நான் பெண் பார்க்கப் போன இடத்தில் சொன்னேன். சண்டை போடாதவனோடு குடித்தனம் நடத்துவது கஷ்டம் கண்ணு. பிடிக்காததைப் பிடிக்கிறது என்று சொல்கிறவன், பிடிக்கிறது என்று சொன்னால் எப்படி நம்புவது? உன் அப்பா என்னிடம் நல்லாருக்குது என்று சொன்னதையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக எடுத்து இதில் எது நிஜம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல் ஒரு பெண்ணுக்கு வரக்கூடாத சந்தேகம் அது. நிவேதாவுக்கு அதை இப்போதே கொடுத்துவிடாதே. அவளிடம் போய் "எனக்கும் கசந்தது" என்று சொல். வேறு ஒன்றும் ஜோடிக்க வேண்டாம். அம்மா மனசு நோகுமே என்று பார்த்தேன் என்றும் சொல்லாதே, அது அவளுக்குத் தெரிந்ததுதான். கசந்தது என்று மட்டும் சொல்.

நீ சொல்வாயா மாட்டாயா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நான் காத்திருக்கப் போவதில்லை. பெரியம்மா வந்து அப்பாவோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார். நாளை மறுநாள் நான் தூத்துக்குடிக்குக் கிளம்புகிறேன். அவள் வீட்டு வாசலில் நின்று, நீ சொன்னதுதான் நிஜம் அம்மணி, நான்தான் காது கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். வெறுங்கையோடு போக மனசு வரவில்லை, நம் மாடித் தக்காளியைப் பறித்துத் தொக்கு கிளறியிருக்கிறேன். வெந்தயத்தை வறுக்கும்போது சித்தெ நேரம் அசந்துவிட்டேன், நிறம் கருத்த மாதிரி இருக்கிறது. கருகியிருந்தால் கசக்கும், எனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கொடுத்துக் கேட்டேன், அருமை என்கிறார். அவரை என்ன செய்வது!

அவள் கதவைத் திறக்க மாட்டாளோ என்று எனக்குப் பயம் இல்லை, திறக்கும்வரை நிற்பேன். திட்டுவாளோ என்றும் பயம் இல்லை, அவள் திட்டினால் எனக்கு வயிறு குளிரும். தொக்கை வாயில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "நல்லாருக்குதுங்க அத்தை" என்று அவளும் சொல்லிவிடுவாளோ என்றுதான் கண்ணு பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
அம்மா